ஒரு கட்டம் குறைவு

விடையில் ஒன்று குறைந்தது.

அவள் கையால் எண்ணி வைத்திருந்த எண்ணுக்கும் புரோகிராம் திரையில் காட்டிய எண்ணுக்கும் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். புரோகிராம் எழுதும் தொழிலில் ஒன்று குறைவது தும்மல் மாதிரி. எல்லோருக்கும் வரும், யாரும் பதற மாட்டார்கள். பூஜ்யத்தில் எண்ணத் தொடங்க வேண்டிய இடத்தில் ஒன்றிலிருந்து தொடங்கியிருப்பாள். இல்லாவிட்டால் கடைசி வரிசைக்கு முன்னாலேயே நிறுத்தியிருப்பாள். தப்பு எப்போதும் உன்னுடையதுதான், கணினியுடையது அல்ல என்று மாலை கம்ப்யூட்டர் வகுப்பு சார் முதல் நாளே சொல்லியிருந்தார். அதை நம்புவதற்கு அவளுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம் அவள்.

கணக்கு போடுவது அவள் வேலையும் இல்லை. காத்திருப்பதுதான் வேலை. கட்டட வரைபடங்கள் போட்டுக்கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவள் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. காலையில் வரப்போகும் ஒரு வாடிக்கையாளருக்கு, அஸ்திவாரமே தோண்டாத ஒரு வீட்டை, குடிபுகுந்து சமையல் ஆரம்பித்துவிட்ட மாதிரி படமாக்கிக் காட்ட வேண்டும். பின்னறையில் இருந்த பெரிய கணினி அந்தப் படத்தை மேலிருந்து கீழாக இழை இழையாக நெய்துகொண்டிருந்தது. நடுநடுவே நின்று ‘தொடரவா?’ என்று கேட்கும். யாராவது ‘ஆம்’ என்று அழுத்த வேண்டும். அழுத்த ஆள் இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். ஏன் கேட்கிறது என்று யாருக்கும் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர்களை அதன் பக்கத்தில் உட்கார வைப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம்.

“மெஷினுக்கு நீ காவலா, உனக்கு மெஷின் காவலா?” என்று கேட்டுக்கொண்டே டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன் கடைசி ஆளாகக் கிளம்பியிருந்தார்.

“போறப்ப மறந்து பூட்டிடாதீங்கண்ணா.”

“உன்னைப் பூட்டி வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? காலைல படம் இல்லன்னா மேனேஜரே உன்னை வெளிய விட்டுடுவாரு.”

அவர் சிரிப்பு வராண்டாவின் கடைசிவரை போய்த் தேய்ந்தது. அதற்குப் பிறகு அறையில் அவளும் சத்தங்களும் மட்டும். பெரிய கணினியின் விசிறி ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஏசி எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் நின்ற வரைபட அச்சு இயந்திரம் சூடு ஆறும்போது விரல் சொடுக்குவதுபோல எப்போதாவது ஒரு சத்தம் எழுப்பியது. ஜன்னல் கிடையாது. பழைய தெர்மோகோல் வீட்டு மாதிரிகளை அடைத்த அட்டைப்பெட்டிகள் நடுவில் அவள் இடுப்புயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து பசையும் தூசியும் கலந்த ஒரு வாசனை, யாரோ மூடி வைத்த அலமாரியை அப்போதுதான் திறந்ததுபோல வந்துகொண்டேயிருந்தது. கதவு அவள் முதுகுக்குப் பின்னால், பெட்டிகளுக்கு அப்பால் இருந்தது. அதன் கண்ணாடிச் சதுரத்தில் வராண்டா விளக்கின் மஞ்சள்.

நேரம் போகவேண்டுமே என்று தன் பழைய லேப்டாப்பைத் திறந்து சார் கொடுத்த சின்னக் கணக்குகளில் ஒன்றை எடுத்திருந்தாள். ஒரு அறை, கட்டம் கட்டமாகப் பிரித்தது. சுவருக்கும் மேசைக்கும் # குறி. காலித் தரைக்குப் புள்ளி. ஆள் இருக்கும் கட்டத்திலிருந்து நடந்தே எத்தனை கட்டங்களுக்குப் போக முடியும் என்று புரோகிராம் சொல்ல வேண்டும். சார் கொடுத்திருந்த மாதிரி அறை மொட்டையாக இருந்தது. அதனால் அவள் தான் உட்கார்ந்திருக்கும் அறையையே தட்டி எழுதினாள். தரை முழுக்கச் சதுர டைல்ஸ், ஒரு டைலுக்கு ஒரு எழுத்து. வசதியாகப் போயிற்று. சுற்றிச் சுவர், சுவரின் ஓரிடத்தில் கதவுக்கு ஒரு புள்ளி, பெட்டிகள், அச்சு இயந்திரம், மேசை. தன் நாற்காலி இருந்த கட்டத்தில், நான் என்பதற்கு ‘ந’ என்று போட்டாள்.

புரோகிராமை ஓட்டினாள். ஒன்று குறைவு.

எந்தக் கட்டத்துக்குப் போக முடியவில்லை என்று பார்க்க, போன கட்டங்களில் எல்லாம் நட்சத்திரம் விழும்படி மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். அறை முழுக்க நட்சத்திரம். கதவுக் கட்டத்தில் மட்டும் புள்ளி, புள்ளியாகவே இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். பெட்டிகளுக்கு மேலே கதவின் மேல்பாதி தெரிந்தது. மஞ்சள் சதுரம். யாரும் இல்லை. யாராவது நிற்கிறார்களா என்று ஏன் பார்த்தோம் என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கதவு ஓரத்தில் இருப்பதால் வந்த வினையாக இருக்கும் என்று முடிவு செய்தாள். எதையும் மாற்றாமல் ஒருமுறை, சும்மா உறுதிப்படுத்திக்கொள்ள, ஓட்டினாள்.

இப்போது கதவுக் கட்டத்தில் நட்சத்திரம் இருந்தது. அதற்கு அடுத்து, உள்ளே இருந்த கட்டத்தில் புள்ளி.

அவள் கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதே புரோகிராம். அதே அறை. ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்படியிருக்க விடை மட்டும் எப்படி இடம் மாறும்? வகுப்பில் எல்லோரும் பயப்படுகிற விஷயம் இதுதான்; தப்பான விடை பரவாயில்லை, ஒருமுறை ஒன்றும் மறுமுறை வேறொன்றும் சொல்கிற விடைதான் தூக்கத்தைக் கெடுக்கும். புரோகிராமில் ஏதோ ஒரு மாறிக்குத் தொடக்க மதிப்பு கொடுக்காமல் விட்டிருப்பாள். வரி வரியாகப் படித்தாள். எல்லாவற்றுக்கும் கொடுத்திருந்தாள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஓட்டு, பார் என்பது அவள் பழக்கம். ஒரு வரியை மாற்றினாள், ஓட்டினாள், பார்த்தாள். புள்ளி இன்னும் ஒரு கட்டம் உள்ளே. அந்த வரியைப் பழையபடி ஆக்கினாள், ஓட்டினாள், பார்த்தாள். இன்னும் ஒரு கட்டம். அட்டைப்பெட்டிகளின் ஓரமாக.

ஒவ்வொரு முறையும் அச்சு இயந்திரம் சொடுக்கியதாக அவள் நினைத்திருந்தாள். இப்போது காது கொடுத்தபோது அது சொடுக்கு இல்லை. டைல்ஸ்மேல் மணல் துகள் ஒன்று அரைபடும் ஒலி. செருப்பில்லாத ஒரு பாதம், தன் எடையை மெதுவாக மாற்றி வைப்பதுபோல.

எழுந்து போய்ப் பார்ப்பதுதான் முறை. எழுந்தாள். பெட்டிகளைச் சுற்றி நடந்து கதவைத் திறந்து வராண்டாவை எட்டிப் பார்த்தாள். கடைசியில் வாட்ச்மேனின் ரேடியோ கரகரத்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வரும் வழியில், திரையில் புள்ளி நின்ற கட்டத்துக்குரிய டைலைப் பார்த்தாள். மற்ற டைல்களைப் போலவே பழுப்பு வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் அழுக்கு. ஒன்றுமில்லை. மனசு லேசாகி நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. போகும்போதும் சரி, வரும்போதும் சரி, அவள் அந்த டைலை மிதிக்கவில்லை. நேர்வழி அதன்மேல்தான் போகிறது. அவள் கால்கள், அவளைக் கேட்காமல், ஒதுங்கி நடந்திருந்தன.

அக்காவை அழைத்தாள். அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை; முடிந்ததும் ஸ்கூட்டரில் வந்து அவளைக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

“எப்பக்கா வருவ?”

“ஏன்டி குச்சி, மெஷின் கடிச்சிருச்சா?”

“சும்மா கேட்டேன்.”

“கடை மூடணும், பூட்டணும், வரணும். உன் குரல் ஏன் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?”

“ஏசி ரூம்ல இருக்கேன்ல.”

“பெரிய இடத்து ஆளு. சரி, வந்துடறேன், பட்டினியா கெடக்காத.”

பேசி முடித்ததும் அறை கொஞ்சம் சாதாரணமானது. பெரிய கணினி ‘தொடரவா?’ என்றது. ‘ஆம்’ என்றாள். பிறகு, தன்னால் முடியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் கௌரவக்குறைவு ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே இரண்டுமுறை சொல்லிக்கொண்டு, புரோகிராமைப் படம்பிடித்து சாருக்கு அனுப்பினாள். சார் உடனே அழைத்தார். பஸ்ஸில் இருந்தார்போல, பின்னால் ஹாரனும் யாரோ சில்லறைக்குச் சண்டை போடுவதும் கேட்டன.

“கதவை எங்கம்மா வெச்சிருக்க?”

“ஓரத்துல சார். சுவத்துல.”

“அங்கதான் ஓட்டை. கதவுல நின்னு இன்னும் ஒரு அடி வெளிய வெச்சா அங்க என்ன இருக்கு?”

“வராண்டா சார்.”

“அது உனக்கு வராண்டா. புரோகிராமுக்கு? நீ எழுதாத இடம். அங்க என்ன வேணா கெடக்கும், எப்ப வேணா உள்ள வரும். வகுப்புல என்ன சொன்னேன்? மொத வேலையா...”

“நாலு பக்கமும் சுவர் எழுப்பணும்.”

“எழுப்பிட்டியா?”

“வரைபடத்துல இருக்கு சார், புரோகிராம்ல எழுப்பல.”

“வேலி போடாம வெள்ளாமை பண்ற. சுவத்தை எழுப்பும்மா, எல்லாம் சரியாயிடும். நான் இறங்கணும், வெச்சிடறேன்.”

அவளுக்கு வந்த நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதான். வகுப்பில் எல்லோரும் மனப்பாடமாக எழுதும் அந்த நான்கு வரி. மேல் ஓரம் முழுக்க #, கீழ் ஓரம் முழுக்க #, இடது, வலது. புரோகிராம் தொடங்கியதும் முதல் வேலையாக ஓரங்கள் முழுவதையும் சுவராக்கிவிடும். யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதும். எழுதினாள். ஓட்டினாள்.

வாட்ச்மேனின் ரேடியோ நின்றது.

அணைத்த மாதிரி இல்லை. காதில் பஞ்சு வைத்த மாதிரி. ரேடியோ, அதோடு அவள் இதுவரை கவனிக்காமலே கேட்டுக்கொண்டிருந்த எல்லாம், சாலையின் இரைச்சல், மாடியில் எங்கோ தண்ணீர் ஓடுவது, எல்லாம் ஒரே வெட்டில் போயின. விசிறியின் மூச்சு மட்டும் மிஞ்சியது. ஈரச் சிமெண்டின் வாசனை ஒன்று, புதுவீட்டுக்குள் நுழைந்தால் வருமே அது, மெல்ல எழுந்து பசை வாசனையை மூடியது.

அவள் திரையைத்தான் முதலில் பார்த்தாள். கதவுக் கட்டம் இப்போது #. ஆமாம், கதவும் ஓரத்தில்தானே இருந்தது. நான்கு வரியும் அதன்மேலும் சுவரைப் பூசிவிட்டன. அசட்டுத்தனம். சார் வகுப்பில் இதையும் எச்சரித்திருப்பார், அவள் குறித்துக்கொள்ளாமல் விட்டிருப்பாள்.

பிறகு திரும்பினாள்.

பெட்டிகளுக்கு மேலே மஞ்சள் சதுரம் இல்லை. சுவர் இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரே நிறத்தில், ஒரே பழமையில். விளக்கு சுவிட்சுகள் அதே இடத்தில் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், கதவு இருக்கவேண்டிய இடத்தில், பழைய காலண்டர் ஒன்று மாட்டிக் கழற்றிய தடம்கூட இருந்தது, அங்கே எப்போதும் சுவர்தான் இருந்தது என்பதுபோல.

சுவரை ஒட்டியே சுற்றி நடந்து போய் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ச்சி. உலர்ந்திருந்தது. தட்டினாள். சத்தம் உள்ளுக்கே போய்த் திரும்பவில்லை. வேறு பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறேன் என்று நினைத்தாள். மற்ற மூன்று சுவர்களையும் தடவினாள். தூங்கிவிட்டேன் என்று நினைத்தாள். கையைக் கிள்ளினாள், சிவந்தது, வலித்தது. தப்பு என்னுடையதுதான், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பு, வேடிக்கைதான், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. ‘தொடரவா?’ என்றது பெரிய கணினி. ஓடிப்போய் ‘ஆம்’ என்று அழுத்தினாள். அழுத்திவிட்டு, எதற்கு அழுத்தினோம் என்று நின்றாள்.

லேப்டாப் திரையில் விடை காத்திருந்தது. கதவை ஒதுக்கிவிட்டு எண்ணினால் வரவேண்டிய எண். அதில் ஒன்று குறைவு.

புள்ளி எங்கே என்று தேடினாள். அட்டைப்பெட்டிகளின் முனையில் இருந்தது. திரும்பிவிட்டிருந்தது. கதவிலிருந்து நேர்கோடாக வந்தது இப்போது அவள் பக்கம்.

வெளியே இருந்தது உள்ளே வந்த பிறகுதான் அவள் சுவரை எழுப்பியிருக்கிறாள்.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டி இழுத்துப்போட நினைத்தாள். முடியவில்லை. உட்கார்ந்தாள். யோசி. முறையாக யோசி. இத்தனை நேரமாக அது அங்கேயே நிற்கிறது. சத்தம் இல்லை. அசைவு இல்லை. எப்போதெல்லாம் நகர்ந்தது? ஓட்டியபோது. ஒருமுறை ஓட்டினால் ஒரு கட்டம். ஓட்டாவிட்டால் இல்லை. அவளுடைய ஒவ்வொரு சரிபார்ப்புக்கும், ஒவ்வொரு ‘எதற்கும் இன்னொருமுறை’க்கும் அது ஓர் அடி வைத்திருக்கிறது. அலட்சியமான ஒருத்தி இந்த இடத்தில் இருந்திருந்தால் அது இன்னும் வராண்டாவில் நின்றிருக்கும்.

அப்படியானால் ஓட்டக்கூடாது. தொடவே கூடாது.

அப்படியானால் கதவும் கிடையாது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. ஏசி சொட்டும் ஒலி நின்றுபோயிருந்தது. காற்று கனமாகிக்கொண்டு வந்தது. முதுகுத்தண்டு முழுக்க ஒரே கவனமாகி, பின்னாலிருந்த ஒரு சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது சுவருக்குள்ளிருந்து, மிகத் தொலைவிலிருந்து என்பதுபோல, ஒரு குரல் வந்தது.

“குச்சி! ஏய் குச்சி! எங்கடி இருக்க?”

“அக்கா!” பாய்ந்து போய்ச் சுவரில் காதை வைத்தாள். இரண்டு கைகளாலும் அடித்தாள். “அக்கா, இங்க! இந்தப் பக்கம்! போகாதக்கா!”

“இது என்ன சத்தம்?” அக்காவின் குரல்.

“பைப்பும்மா.” வாட்ச்மேன். “மேல தண்ணி ஏறுது. அப்படித்தான் அடிச்சுக்கும்.”

“பின்னாடி ரூம்ல உக்காந்திருக்கேன்னு சொன்னாளே.”

“இந்த வராண்டா இதோட முடிஞ்சுதும்மா. பின்னாடி ரூமெல்லாம் கிடையாது. நானும் இத்தனை வருஷமா இருக்கேன்.”

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அச்சு இயந்திரத்தின் உருளையைப் பிடுங்கிச் சுவரில் மோதினாள்.

“பைப்பு ரொம்ப மோசமா இருக்கே,” என்றாள் அக்கா. “ஃபோனும் போகல. வீட்டுக்குப் போயிட்டாளோ என்னமோ. சொல்லிட்டாவது போகலாம்ல, கழுதை.”

போகப்போகிறாள்.

அவள் மேசைக்கு ஓடினாள். ஒரே ஓர் எழுத்து. அறையின் வரைபடத்தில் கதவிருந்த இடத்தில் # குறியை அழித்துப் புள்ளி வைத்தாள். புள்ளிக்கும் அவளுக்கும் இடையே இன்னும் கட்டங்கள் இருந்தன. ஓர் அடி தாங்கும். ஓட்டினாள்.

மணல் அரைபட்டது. பக்கத்தில்.

சுவர் சுவராகவே இருந்தது.

ஏன்? ஏன்? திரையில் கதவுக் கட்டம் மறுபடியும் #. வைத்த புள்ளி எங்கே? அப்போதுதான் புரிந்தது. நான்கு வரி. அவள் வரைபடத்தில் எங்கே கதவு திறந்தாலும், ஓட்டியதும் முதல் வேலையாக அந்த நான்கு வரியும் ஓரம் முழுக்கச் சுவர் பூசிவிடும். அவளே எழுதியது. அவசர அவசரமாக அந்த வரிகளைத் தேர்ந்து அழித்தாள். விரல் தவறி வேறொரு விசையில் பட்டது. ஓடிவிட்டது. பாதி அழித்த நிலையில், ஒன்றுக்கும் உதவாமல், ஓடிவிட்டது.

மணல்.

கழுத்தின் பின்புறத்தில், கூந்தலுக்குக் கீழே, சில்லென்று ஈரச் சிமெண்ட் வாசனை.

திரையைப் பார்த்தாள். ‘ந’ இருந்தது. அதன் பின்னால், ஒட்டினாற்போல, புள்ளி.

திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று தோன்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதி வரிகளை அழித்தாள். ஒவ்வொன்றாக. சரிபார்த்தாள். இப்போது ஓட்டினால் கதவு வரும். நிச்சயம் வரும். அதோடு அது ஓர் அடி வைக்கும்.

இந்த நாற்காலிக்கு.

சுவருக்கு அப்பால் செருப்புச் சத்தம், விலகிப் போக ஆரம்பித்தது.

அது என்னைத் தேடி வருகிறதா? இல்லை, ‘ந’ போட்ட கட்டத்தைத் தேடி வருகிறதா? சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது. சோதிக்க வேண்டுமென்றால் ஓட்ட வேண்டும். அதுவரை அது வந்த வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவள் எழுந்து நடந்தபோது அது திரும்பவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு சுற்றி வந்தபோதும் திரும்பவில்லை. நாற்காலியை நோக்கித்தான் வந்தது. எப்போதும் நாற்காலியை. அப்படியானால் நாற்காலியில் நான் இல்லாமல் இருந்தால் போதும்.

வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் முடிவு சரி என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தோன்றியது.

எழுந்தாள். பக்கவாட்டில் ஒரு டைல் தள்ளி நின்றாள். கையை நீட்டினாள். நீட்டி, நீட்டி, ஒரு விரல் நுனியால் அழுத்தினாள்.

ரேடியோ.

சாலை. தண்ணீர். மஞ்சள் சதுரம். கதவு! கதவு இருந்தது.

“அக்கா!”

செருப்புச் சத்தம் நின்றது. திரும்பியது. ஓடிவந்தது. கதவு திறந்தது. அக்கா. கையில் சாவிக்கொத்து, தோளில் கடைப் பை, முகமெல்லாம் எரிச்சல். அழுகையாக வந்தது. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளக் காலெடுத்தாள்.

கால் வரவில்லை.

“எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்! காது என்ன செவிடா?”

அக்கா அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.

“பாட்டு கேட்டுட்டிருந்தேன்க்கா,” என்றது நாற்காலி.

அவள் குரல். அவளுடையதேதான், கொஞ்சம் சோம்பலாக. அவள் கீழே பார்த்தாள். நாற்காலியின் முதுகில் அவளுடைய பின்னல் தொங்கியது. அவளுடைய நீலக் கிளிப். அவளுடைய தோள்கள். கழுத்தில், கூந்தலுக்குக் கீழே, சிமெண்ட் பூசியது போல ஒரு சாம்பல் ஈரம். அது காய்ந்துகொண்டே வந்தது. காய்ந்து தோல் நிறமானது.

“அக்கா,” என்றாள். உதடு அசைந்தது. ஒலி வரவில்லை. “அக்கா, அது நான் இல்ல. இங்க பாரு. இங்க.”

“வாட்ச்மேன் ஒரு ஆளு, ரூமே இல்லங்கறாரு. குடிச்சிருப்பாரோ.” அக்கா அவளுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்று, குனிந்து, லேப்டாப்பைப் பார்த்தாள். அக்காவின் தலைமுடியில் மருந்துக்கடை வாசனை. “என்னது இது, கோலமாட்டம் புள்ளியும் நட்சத்திரமும்?”

“கணக்கு. டைம் பாஸுக்குப் போட்டது.”

“ஒரு இடத்துல மட்டும் நட்சத்திரத்தைக் காணோம்.” நாற்காலிக்குப் பக்கத்துக் கட்டம், அவள் நின்ற கட்டம்.

“ஒண்ணுமில்ல, சின்னத் தப்பு.”

“சரி, மூடு. பசிக்குது.”

அந்தக் கை, அவள் கிள்ளிக்கொண்ட சிவப்பு இல்லாத அந்தக் கை, நிதானமாகப் போய் புரோகிராமை மூடும் குறியைத் தொட்டது. திரையில் ஒரு கேள்வி எழுந்தது. மாற்றங்களைச் சேமிக்கவா?

“சேவ் பண்ணிக்க. உக்காந்து போட்டதெல்லாம் போயிடும்.”

“போகட்டும்க்கா.”

‘வேண்டாம்’ என்பதன்மேல் அம்பு போய் நின்றது. நாற்காலியில் இருந்தவள் அப்போது மட்டும் தலையைத் திருப்பி, அவள் நின்ற டைலை, அவள் முகத்தை, நேராக ஒருமுறை பார்த்தாள். பிறகு அழுத்தினாள்.

இருவரும் கதவு வழியாகப் போனார்கள். அக்காவின் கை நாற்காலியிலிருந்து எழுந்தவளின் தோள்மேல் கிடந்தது. சிரிப்புச் சத்தம் வராண்டாவில் நடந்து போனது.

அறையின் அந்தக் கோடியில், மேல் ஓரத்து முதல் வரிசை டைல்ஸ் இல்லாமல் போனது. இருட்டாகவில்லை. பள்ளமாகவில்லை. அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான். அச்சு இயந்திரத்தின் பாதி அதோடு போயிருந்தது.

இரண்டாவது வரிசை.

அவள் காலை உயர்த்தப் பார்த்தாள். யாராவது எங்காவது ஒருமுறை, ஒரே ஒருமுறை ஓட்டினால் போதும், ஓர் அடி வைத்துவிடலாம்.

மூன்றாவது வரிசை.